அண்டாத் தண்ணீரில் விழுந்த முகம்

1944ஆம் வருடம், மே மாதம் 16ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். அக்கினி நட்சத்திரத்தில் பதின்மூன்றாம் நாள். காற்று இல்லை. வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பெரம்பலூருக்கு வடக்கே மூன்று மைலில், ஒரு பெரிய விவசாயி வீட்டு வாசல் பந்தலின் கீழ், கேமராவின் மூடியைக் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, திரும்ப மூடினேன்.

அதுதான் நான் எடுத்த முதல் படம். அப்போது எனக்கு இருபது வயது. அதற்கு முன் இரண்டு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்திருந்தேன். அவை முதலாளியின் படங்கள். அவர் சொன்ன இடத்தில் கேமராவை வைத்து, அவர் சொன்ன எண்ணிக்கை வரை எண்ணி, மூடியதுதான் என் வேலை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என் படங்களைச் சுவரில் மாட்டிவைக்கிற இடங்களுக்கு வருகிறவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஏன் சார், உங்க படத்துல யாருமே நேரா இல்லை? தண்ணியில தெரியறாங்க, கண்ணாடியில தெரியறாங்க, பித்தளைச் சொம்புல தெரியறாங்க." போன தடவை மூன்று நாளில் பதினேழு பேர் கேட்டார்கள். பதினேழு தடவையும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எண்பத்திரண்டு வயதில் நின்றுகொண்டு பதில் சொல்ல முழங்கால் இடம் தருவதில்லை. ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டால் தொந்தரவு விட்டது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். அரியலூர் ரயிலடியிலிருந்து இருநூற்று நாற்பது தப்படியில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்கிறவர்கள் குறைவு. ஆயுசு குறைந்துவிடும் என்பார்கள். செத்த பிறகு அந்தப் பயம் இல்லை. குளிப்பாட்டுவதற்கு முன் நாற்காலியில் உட்காரவைத்து, மாரோடு சேர்த்து ஒரு துண்டால் நாற்காலியில் கட்டி, வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, ஒரு படம் எடுப்பார்கள். பதினாறாம் நாள் கருமாதிக்குப் படம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். முதலாளி கண்களைத் திறந்த மாதிரி எழுதி, தாடைத் துணியை அழித்துக் கொடுப்பார். நானூற்றுப் பன்னிரண்டில் நூற்று முப்பத்தொன்பது பேர் அப்படிக் கண் திறந்தவர்கள்.

யுத்த காலம். படம் விழுகிற கண்ணாடி பிளேட் லேசில் கிடைக்காது. முதலாளி பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டியிருப்பார். உயிரோடு இருப்பவருக்கு ஒன்று, செத்தவருக்கு இரண்டு என்று எண்ணிக் கொடுப்பார். "உசுரோட இருக்கறவன் படம் கெட்டா திரும்ப வருவான். செத்தவன் வருவானாடா?" என்பார்.

அன்றும் இரண்டு பிளேட் கொடுத்து அனுப்பியிருந்தார். முதல் பிளேட்டில் எடுக்கவேண்டியதை எடுத்தேன். பெரியவர் நாற்காலியில். அறுபத்தைந்து வயது இருக்கும். நல்ல கறுப்பு, தலை முழுக்க நரை. இரண்டாவதையும் அதேபோல எடுக்கவேண்டும். கேமராவைச் சற்று முன்னால் நகர்த்தக் குனிந்தேன். குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியிருந்த பித்தளை அண்டா நாற்காலிக்கு முன்னால் இருந்தது. காற்றே இல்லாததால் தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. அதில் பெரியவர் தலைகீழாக இருந்தார். அவருக்குக் கீழே பந்தல் கீற்று. கீற்று இடுக்கில் வானம். அண்டாவின் விளிம்பைப் பிடித்த மாதிரி ஒரு பெண்பிள்ளையின் கை, ஐந்து விரல், இரண்டு வளையல். நாற்காலியில் இருந்தது ஒரு பிணம். தண்ணீரில் இருந்தவர் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருக்கிற மனிதர். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது. கேமராவைத் தாழ்த்தி, அண்டாவை மட்டும் எடுத்தேன்.

பெரியவரின் மூத்த மகன் பக்கத்தில் வந்தார். முப்பத்தைந்து வயது, கட்டுமஸ்தான ஆள்.

"என்னா படக்காரரே, ரெண்டு எடுக்கணும்னீங்களே, எடுத்தாச்சா?"

"ரெண்டும் எடுத்துட்டேங்க."

நான் பொய் சொல்லவில்லை.

"படத்தோட அந்தக் கண்ணாடியையும் குடுத்துடணும், ஆமா. எங்கப்பா மொகம் கண்டவன் கையில இருக்கக் கூடாது. வெச்சு என்னா பண்ணுவானுவளோ. கருமாதியோட அதையும் ஆத்துல வுட்டுடணும்."

எல்லா வீட்டிலும் சொல்வதுதான். சரி என்றேன்.

அடுத்த நாள் நடந்ததற்கு நான் மட்டும்தான் காரணம். கோடையில் பிளேட் கழுவுவது விடியற்காலையில்தான். நான்கு மண்பானைகளில் ஈரச் சாக்கு சுற்றி, ராத்திரி முழுக்கக் குளிரவைத்த தண்ணீரில் நாலரை மணிக்குத் தொடங்கி, வெயில் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். பிளேட்டின் மேல் பூசியிருக்கிற, படம் விழுகிற பசை வெந்நீர் பட்டால் இளகிவிடும். முதலாளி படம் கழுவுகிற மருந்து வாங்கத் திருச்சிக்குப் போயிருந்தார். வியாழக்கிழமை விடியட்டும் என்று நான் காத்திருக்க வேண்டும். முடியவில்லை. அண்டாப் படம் விழுந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் புதன்கிழமை முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. பகல் மூன்று மணிக்கு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பானைகளில் ஒன்றில்தான் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் இருந்தது. ஒரு பிளேட்டுக்குத்தான் வரும். எந்தப் பிளேட்டை முதலில் எடுத்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

அது நன்றாக வந்தது. இருநூற்று எழுபது வரை எண்ணினேன். சிவப்பு விளக்கில் தூக்கிப் பார்த்தேன். விரல் ஐந்தும் இருந்தது. பிறகு பெரியவரை நாற்காலியில் எடுத்த பிளேட்டை மிச்சத் தண்ணீரில் போட்டேன். முகம் எழும்பியது. எழும்பிய முகம் அப்படியே நகர்ந்தது. காய்ச்சிய பாலிலிருந்து ஆடையை ஊதி ஒதுக்குவதுபோல, பெரியவரின் தலை, மார், நாற்காலிக் கை எல்லாம் சுருண்டு ஒரு ஓரமாகப் போய், கண்ணாடியை விட்டு இறங்கித் தட்டில் மிதந்தது. கையால் பிடிக்கப் பார்த்தேன். விரலில் ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை முதலாளி வந்தார். வெறும் கண்ணாடியைப் பார்த்தார்.

"பகல்ல கழுவினியா?"

"ஆமாங்க."

"எந்தக் கழுதைடா உன்னைப் பகல்ல கழுவச் சொன்னுச்சு? ரெண்டாவது பிளேட் எங்க?"

"பஸ்சுல உடைஞ்சு போச்சுங்க."

இது பொய். பிளேட் என் துணிப்பைக்குள் துண்டில் சுற்றியிருந்தது. ஸ்டூடியோவில் விட்டுவைக்க முடியாது. முதலாளி கையில் அகப்பட்டால் சுரண்டிச் சட்டம் போடக் கண்ணாடியாக்கிவிடுவார்.

"நாளைக்கு மொத பஸ்சுல போ. நீயே சொல்லு. வேலி முள்ளால அடிச்சாலும் வாங்கிக்க. எம் பேரை இழுக்காத."

வெள்ளிக்கிழமை, ஐந்தாம் நாள், கரி போட்டு ஓடுகிற பஸ்சில் பெரம்பலூருக்குப் போய், மூன்று மைல் நடந்தேன். மகன் கேட்டுவிட்டு அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்று சாயங்காலமே திரும்பியிருப்பேன்.

"சரி. உங்க மொதலாளி வரட்டும். வந்து ஒரு வழி சொல்லட்டும். அதுவரைக்கும் நீங்க இங்கதான் இருக்கீங்க. வேளைக்குச் சோறு வரும். என்னா, பேந்த பேந்த முழிக்கிறீங்க? உங்க மாமியார் வூடு மாதிரி நெனச்சுக்கங்க."

நெல் அறையில் விட்டு, வெளியே தாழ் போட்டார்கள். நீளம் பதினான்கு அடி, அகலம் ஒன்பது அடி. என் பாதத்தால் அளந்தது. மூட்டை நாற்பத்தாறு. மேலே உத்தரம் ஏழு. மேற்குச் சுவரில் தலைக்கு மேலே ஒரு சாண் சதுரத்தில் ஒரு சின்ன ஜன்னல், இரும்புக் கம்பி மூன்று. காலை, மத்தியானம், ராத்திரி சோறு. காலையில் ஒரு தடவை, அந்தியில் ஒரு தடவை, பண்ணையாள் ஒருவர் கூடவே வந்து கொல்லைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அவருக்கும் எனக்கும் பேச்சில்லை. ஒரு தடவை மட்டும், "ஓடிப்புடாதீங்க தம்பி, எனக்குக் கால் வலி, தொரத்த முடியாது" என்றார்.

மூன்றாம் நாள் பஸ் டிரைவர் மூலமாக முதலாளியின் பதில் வந்தது. மகன் தாழைத் திறந்து, வாசலில் நின்றபடியே எனக்குச் சொன்னார்.

"உங்க மொதலாளி என்னா சொல்லி வுட்டுருக்காரு தெரியுமா? படம் எடுத்தவன் அவன்தான், அவனையே வெச்சுக்கங்கன்னுட்டாரு."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு தாழ் விழுந்த சத்தம் கேட்டதும் நின்றுவிட்டது. என்னைத் தேட யாரும் வரப்போவதில்லை. அப்பா அம்மா இருப்பது உடையார்பாளையம் பக்கம். மாதத்துக்கு ஒரு கடிதம் போடுகிறவன் நான். அடுத்த கடிதத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. அது துணிப்பைக்குள் இருந்தது. அண்டாவில் விழுந்த முகத்தைத் தலைகீழாகத் திருப்பி, பிளேட்டைப் புரட்டிப் போட்டுப் பிரதி எடுத்தால் இடம் வலம் சரியாகிவிடும். பெரிதாக்கும் பெட்டியில் முகத்தை மட்டும் பெரிதாக்கி, கண்ணைத் திறந்துவிட்டால், வீட்டில் மாட்ட ஒரு படம் ஆயிற்று. முதல் நாளே இது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணாடியையும் கொடுத்துவிட வேண்டும். அது ஆற்றோடு போகும். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பகலில் ஜன்னலுக்கு நேராக மூட்டைமேல் ஏறி நின்று பிளேட்டைப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் ஆறு, பிறகு நான்கு. விரல் பட்டுப் படம் தேய்ந்துவிடுமோ என்ற பயம். மிச்ச நேரமெல்லாம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வரும். கம்பி மூன்றின் நிழலோடு தரையில் விழுந்து, பதினொன்றாம் மூட்டையில் ஏறி, சாக்கின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாகக் காட்டிவிட்டு, எதிர்ச் சுவரில் மங்கிப் போகும். ஸ்டூடியோவில் இரண்டு வருடம் வெளிச்சத்தோடு வேலை செய்தவன், ஒரு சாக்கு மூட்டையை அன்றுதான் பார்த்தேன். இப்போது பெருமையாகச் சொல்கிறேன். அன்று பெருமை இல்லை. நெற்சுணை பட்டு உடம்பெல்லாம் அரிப்பு. சுவர் அருகே வந்துவிட்ட மாதிரி இருக்கும். திரும்பவும் பாதத்தால் அளப்பேன். பதினான்கு, ஒன்பது.

நான்காம் நாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அறைச் சுவர் ஓடு வரைக்கும் எட்டாது. மேலே ஒரு முழம் இடைவெளி.

"யாருப்பா அது, சும்மா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு?"

பெரியவரின் மனைவி. புருஷன் செத்த வீட்டில் பொம்பளையை மூலையில் உட்காரவைப்பார்கள். பதினாறு நாள் அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது. துணைக்கு இருந்த உறவுப் பெண்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குறட்டைச் சத்தம் இரண்டு கேட்டது.

"படம் எடுக்க வந்தவன்மா."

"உன்னையும் மூலையில குந்த வெச்சுட்டானா எம் மவன்? நீ யாருக்குப்பா தாலி அறுத்த?"

அரிக்கிற கழுத்தைச் சொறிந்துகொண்டேன்.

"எத்தினி நாளாச்சு உனக்கு?"

"நாலாம் நாள்மா."

"எனக்கு எட்டு. இன்னும் எட்டு கெடக்கு. நாப்பத்தெட்டு வருசம் இந்த வூட்டுல நின்னு பழகிட்டேன், குந்தத் தெரியல. காலு மரத்துப் போவுது."

அதன் பிறகு தினமும் குறட்டைக்குப் பிறகு பேச்சு. புருஷனைப் பற்றி அழுது கேட்டதில்லை. மாடு கறக்கிறார்களா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இறங்கிவிட்டது, யார் சமைக்கிறார்கள், புளி அதிகமாக இருக்கிறதே, உனக்கும் அப்படித்தானா என்று கேட்பார். ஏழாம் நாள், வியாழக்கிழமை, வேறு மாதிரிக் கேட்டார்.

"ஏந்தம்பி, படம் நெசமாவே போயிடுச்சா? ஒரு கண்ணு, ஒரு மூக்குகூட மிச்சமில்லையா? அவரு மொகம் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. பத்து நாளுதான் ஆவுது. நெனச்சா அந்தத் துணிக் கட்டுதான் வருது."

நான் முந்நூறு வரை எண்ணினேன். பிறகு மூட்டைமேல் மூட்டையாக மூன்று அடுக்கி ஏறி, துண்டோடு பிளேட்டைச் சுவருக்கு மேலே நீட்டினேன்.

"ஓரத்தைப் பிடிங்கம்மா. வெளிச்சத்துக்கு நேரா. தலைகீழா இருக்கும், திருப்பிக்குங்க."

அந்தப் பக்கம் எதையோ இழுத்துப் போட்டு ஏறி வாங்கிக்கொண்டார். பிளேட்டில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும் என்று சொல்ல மறந்துவிட்டேன். பெரியவரின் கறுத்த முகம் அதில் வெளுப்பு. நரைத்த தலை அதில் கறுகறுவென்று இருக்கும். தாடையில் கட்டிய வெள்ளைத் துணி காதோரம் கறுப்பாக இறங்கும்.

"ஏ அப்பா!" என்றார். "முடி கறுப்பா இருக்கு. கிருதா வெச்சிருக்காரு. எம் மாமியா திட்டித் திட்டி எடுக்க வெச்ச கிருதா." பிறகு, "கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான் இருந்தாரு. என்னா, நெறந்தான் கொஞ்சம் கூட. தூங்கறாரா?"

"ஆமாம்மா."

"இதைத்தான் ஒளிச்சு வெச்சிருந்தியா?"

"இது என் படம்மா. நான் எனக்குன்னு எடுத்தது."

"எம் புருசன் படம், உம் படமா?" கோபமாகக் கேட்கவில்லை. சிரித்த மாதிரிதான் இருந்தது. பிளேட்டைத் திருப்பித் தரவில்லை. சாயங்காலம் மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், அந்தக் கண்ணாடியிலிருந்து படம் போட்டு வாங்கிவர, பண்ணையாள் காவலோடு அரியலூருக்குப் போனேன். நெல் அறைக்குப் பதில் ஸ்டூடியோ, கூண்டு மாறிற்று, அவ்வளவுதான். முதலாளி பிளேட்டைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். உடைந்துபோனதாக நான் சொன்ன பிளேட் முழுசாக அவர் கையில் இருந்தது.

"என் பிளேட்டுல அண்டாவைப் படம் எடுத்தியா?"

"ஆமாங்க."

"வெளிய குந்து. இருட்டறைக்குள்ள கால வெச்ச, காலை ஒடச்சுடுவேன்."

ஒரு பிரதி, ஒரே ஒரு பிரதி, அண்டாவும் கையும் கீற்றுமாக முழுசாக எனக்கு எடுத்துத் தாருங்கள் என்று கேட்டேன். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். எந்தச் சம்பளம் என்று கேட்டார். அவரே முகத்தை மட்டும் பெரிதாக்கினார். கண் திறந்தார். துணியை அழித்தார். நல்ல வேலைக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. நான் ஸ்டூடியோ வாசல்படியில் இரண்டு பகல் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் சட்டத்துக்குள் பளிச்சென்று, கண் விழித்து, யாரோ ஒரு தாசில்தார் மாதிரி வந்துசேர்ந்தார். அதோடு என் வேலையும் முடிந்தது.

பதினாறாம் நாள், மே 30, செவ்வாய்க்கிழமை. படத்தையும் கண்ணாடியையும் நானே கொண்டுபோனேன். மகன் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கண்ணாடியைத் துணியில் சுற்றி, ஆற்றுக்குக் கொண்டுபோகிற சாமான்களோடு வைத்தார். அப்போதுதான் அவருடைய ஆத்தாவை அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். வெள்ளைப் புடவை. வெயிலுக்குக் கண் கூசி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன். சுவரில் மாட்டிய படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

"அப்பா, ஆத்தா."

"கண்ணாடி எங்க?"

"அத ஆத்துல வுடணும்."

"உங்கப்பனுக்கு முடி கறுப்பா இருந்து நீ பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன். குடு இங்க."

கொடுத்துவிட்டார். கண்டவன் கை இல்லையே. அவர் அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். என்னைப் பார்த்து, "போயிட்டு வா தம்பி, உனக்குக் கதவு தொறந்துடுச்சு" என்றார். அவருக்கு எங்கே போவது என்று சொல்ல ஆள் இல்லை.

ஆற்றோடு போகவில்லை, அந்த வீட்டில் இருக்கிறது. அது போதும் என்று நினைத்தேன். அரியலூரில் ஒரு எண்ணெய்க் கடையில் கணக்கு எழுதினேன், ஐந்து வருடம். அந்தக் கடையிலும் மேற்கே ஒரே ஒரு ஜன்னல். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாது. எண்ணெய் டின்னில் தெருவில் போகிறவர்கள் வளைந்து வளைந்து தெரிவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு, மாதாமாதம் எடுத்து வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு பழைய கேமரா வாங்கினேன். பிரதி எடுக்கும் சட்டம், தட்டு, மருந்து, காகிதம் வாங்கினேன். எல்லாம் அந்த ஒரு பிளேட்டுக்காக.

1949 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை போனேன். மகனுக்கு நரைக்கத் தொடங்கியிருந்தது. "அட, நம்ம மாமியார் வூட்டுக்காரரு!" என்று மோர் கொடுத்தார். அவருடைய ஆத்தா உள்ளேயிருந்து தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். துணியைப் பிரித்தார்.

கண்ணாடியில் ஒன்றும் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை அதைத் துடைத்து, சந்தனம் வைத்து, விபூதி பூசி, சூடம் காட்டியிருக்கிறார். அறுபத்திரண்டு அமாவாசை. படம் இருக்கிற பக்கம் எது, வெறும் பக்கம் எது என்று நான் சொல்லித்தரவில்லை. அண்டா போய்விட்டது. கை போய்விட்டது. கீற்று, வானம், எல்லாம். ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு கறை. அது என்னவென்று எனக்கே தெரியவில்லை.

அவர் அதைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அப்படியே இருக்காரு, இல்ல?"

"ஆமாம்மா" என்றேன்.

அவர் பிடித்திருந்த கண்ணாடி வழியாக வெயில் அவர் கன்னத்தில் ஒரு சதுரமாக விழுந்திருந்தது. பையிலிருந்து கேமராவை எடுத்து, "அம்மா, அப்படியே இருங்க, ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

"என்னையா? போடா, ஆயுசு கொறஞ்சுடும். செத்தப்பறம் வந்து எடு." கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்.

பன்னிரண்டு காகிதம் கொண்ட பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன். பஸ்சில் உட்கார்ந்து, பையில் இருந்த பென்சிலால் டிக்கெட்டின் பின்புறத்தில் கூட்டிப் பார்த்தேன். கேமரா நூற்று அறுபத்தைந்து ரூபாய். சட்டமும் தட்டும் பதினொன்றரை. காகிதம் ஏழே கால். மருந்து ஐந்து ரூபாய் இரண்டணா. போகவர பஸ்சும் ஜட்காவும் இரண்டு ரூபாய் பதினோரணா. ஆக மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றொரு ரூபாய், ஒன்பது அணா.